கேமராவுக்கு ஒரு ஹேர் டிரையர்

மின்ஹாவுக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். ஷார்ஜா முவைலாவில் அவள் வாப்பா கௌஸ் முகம்மது ஒரு பக்காலா வைத்திருக்கிறார். பால், ரொட்டி, அரிசி விற்கும் சின்னக் கடை. அங்கே வரும் தொழிலாளர் கேம்ப் ஆட்களில் யார் எந்த ஊர், யாருக்கு எப்போது லீவு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிளஸ் டூ முடித்ததும் சினிமா படிக்கப் போகிறேன் என்றாள். கல்லூரியில் சேர ஒரு குறும்படம் கேட்டார்கள். கடைக்கு வரும் வீரபாண்டி அண்ணனையே படமெடுக்கக் கிளம்பிவிட்டாள். மைக் பிடிப்பது அவள் தோழி நான், ஹர்ஷினி.

வீரபாண்டி அண்ணனுக்குச் சாரம் கட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கேம்புக்குப் பின்னால் மணலில் கபடி ஆடுவார். எல்லாம் எடுத்தாகிவிட்டது, இறுதிப் போட்டி மட்டும் பாக்கி. அது முடிந்த மறுநாளே அவர் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார். அன்று தவறினால் மின்ஹாவின் படத்துக்கு முடிவே கிடையாது.

அதனால்தான் அத்தனை பத்திரம். சூட்டில் கேமரா கெட்டுவிடும் என்று ராத்திரி முழுக்க ஏசிக்கு நேரே வைத்திருந்தாள். டாக்ஸியிலும் ஏசி காற்று அதன் மேலேயே படும்படி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வெளியே செப்டம்பர் புழுக்கம். கடை வாசலில் இறங்கிக் கேமராவை எடுத்தால், லென்ஸ் வெள்ளை வெளேரென்று இருந்தது. துடைத்தோம். மறுபடியும் வெள்ளை.

"ஓ காட், போச்சுடீ!" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். என் மூக்குக்கண்ணாடியும் அப்படியே மூடிக் கிடந்தது. "ஏய், உன் கண்ணாடி மாதிரிதான்! கேமரா ஜில்லுனு இருக்கு. சூடு பண்ணணும்!"

கேம்புக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் விசில் கேட்டது. மின்ஹா பக்கத்து சலூன் வாசலுக்கு ஓடினாள்.

"அழகுமலை அண்ணே, ஹேர் டிரையர் வேணும்! யல்லா, சீக்கிரம்!"

முகமெல்லாம் நுரையோடு ஒருவரை நாற்காலியில் விட்டுவிட்டு, வயரை இழுத்துக்கொண்டு வந்தார் சலூன்காரர்.

"என்னம்மா, கேமராவுக்குக் கட்டிங்கா, ஷேவிங்கா?"

"காய வெச்சா போதும்ணே. கிட்ட வேணாம், லென்ஸ் போயிரும்!"

உள்ளேயிருந்து நுரைக்காரர் இந்தியில் கத்தினார். "பாய், மேரா தாடி?"

ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து, கடைசியில் லென்ஸ் பளிச்சென்று ஆனது. நான் குதித்தேவிட்டேன். ஸ்டாண்டை விரித்தபோது அடுத்த இடி. கேமராவை அதில் மாட்டுகிற சின்னத் தகடு வீட்டு மேசையிலேயே கிடக்கிறது!

மின்ஹா கடைக்குள் பாய்ந்து ஓர் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"ஏ புள்ள, அது விக்கிற அரிசி!"

"வந்து வித்துக்கலாம் வாப்பா!"

மைதானத்தில் பையைப் போட்டு, கேமராவை அதில் அழுத்தி உட்காரவைத்து, மணலிலேயே குப்புறப் படுத்துவிட்டாள். வீரபாண்டி அண்ணன் கோட்டருகே நின்று சிரித்தார். "ஏ பாப்பா, படம் எடுக்க வந்தியா, கஞ்சி காச்ச வந்தியா?"

"நீங்க ஆடுங்கண்ணே!"

ஆட்டம் முடியும் நேரம், அண்ணனின் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசியாக அவர் பாடிப் போனார். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது மொத்தக் கூட்டமும் அவர் மேல் விழுந்தது. மணல் பறந்தது. குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் கோட்டை நோக்கி நீண்டு நீண்டு வந்து, ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. விசில்.

"கிடைச்சிருச்சு!" தோற்ற அணியின் பக்கம் நின்று மின்ஹாதான் கத்தினாள். எல்லாரும் முறைத்தார்கள்.

வீரபாண்டி அண்ணன் மணலைத் தட்டியபடி வந்து திரையைப் பார்த்தார்.

"இத வெட்டிரு பாப்பா. ஊர்ல ஜெயிச்சேன்னுல்ல சொல்லப் போறேன்."

"மாட்டேண்ணே. இதுதான் க்ளைமாக்ஸே!"

அவர் அந்தக் கை நீண்டு வருவதையே பார்த்தார். "இன்னொருக்கா போடு," என்றார். போட்டாள். "அடேயப்பா, என்னா வேகமா வாரேன்! சரி, இருந்துட்டுப் போகட்டும்."

பிறகு அரிசிப் பையை அவரே தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தார். மின்ஹா அவருக்கு முன்னால், பின்பக்கமாகவே ஓடிக்கொண்டு, அதையும் எடுத்தாள்.