சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த படம்

எச்சில் டாக்டர் என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். அதில் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. ஓவியக் கூடத்தின் கீழ்த்தளத்தில் பழைய எண்ணெய் ஓவியங்களைச் சுத்தம் செய்வது அவர் வேலை. உடைந்த சட்டங்களைச் சரிசெய்வது என் வேலை. குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, படத்தில் தபால்தலை அளவு இடத்தில் மெல்ல உருட்டுவார். பஞ்சு கறுத்ததும் வீசிவிட்டுப் புதிதாக ஒன்று சுற்றுவார். எச்சில் அழுக்கை மட்டும்தான் எடுக்கும், வண்ணத்தைத் தொடாது என்பது அவர் கணக்கு.

"அதுக்காக ஊர்ப்பட்ட பெரிய மனுஷன் மூஞ்சியெல்லாம் எச்சில் பண்ணணுமா அண்ணே?" என்று கேட்டால் சிரிக்கக்கூட மாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். பதினைந்து வருடமாக என் பக்கத்து மேசை, ஆனாலும் மதியம் தனியாகத்தான் சாப்பிடுவார்.

ஆயுளில் அவர் சொந்தமாக வரைந்தது ஒரே ஒரு படம். மனைவியின் முகம். அடியில் மெல்லிய பூச்சு, மேலே போகப் போக எண்ணெய் கூட்டி, ஒவ்வொன்றும் காயக் காய, பொறுமையாக வரைந்தார். முறை மாறினால் பின்னால் பூச்சு வெடித்துவிடுமாம். முடிந்ததும், எண்ணெய் உள்வரை காய வேண்டும், வார்னிஷ் பூச ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்.

"ஒரு வருஷமா? அதுக்குள்ள நான் கிழவியாயிடுவேன்" என்றார் அண்ணி.

கிழவியாகவில்லை. ஏழாவது மாதம் கல்லீரல் கெட்டு, கண்ணும் தோலும் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். எல்லாம் முடிந்து வீடு திரும்பிய அன்றே இவர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பிறகு பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். ஏன் என்று மகள் கேட்டபோது சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவளும் கோபத்தோடு படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். எட்டு வருடம் ஓடிப்போனது.

போன மாதம் அவள் போன் செய்தாளாம். "அம்மா படம் உங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுங்கப்பா. அஞ்சு வாரம் கழிச்சு வரேன், எடுத்துக்கறேன்."

மறுநாள் காலை படத்தைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். முகம் முழுக்க மஞ்சள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கடைசியாகப் பார்த்த அதே அண்ணி.

"அழுக்கு இல்ல, பாரு" என்று கையிலிருந்த பஞ்சை நீட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. வீட்டிலேயே நாற்பது பஞ்சு தீர்த்திருக்கிறார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஏண்ணே, இது என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? போன வருஷம் கிடங்குலேர்ந்து வந்த படத்துக்கு நீங்கதானே சொன்னீங்க, இருட்டுல வச்சா எண்ணெய் மஞ்சளாயிடும், வெளிச்சத்துல வச்சா தானா தெளியும்னு?"

"தெரியும்."

"அப்புறம் என்ன? வெயில் நேரா படாம ஜன்னலோரமா ஒரு மாசம் வைங்க."

"வச்சா பாக்கணுமே" என்றார். பஞ்சை மேசைமேல் வைத்துவிட்டு, "பொண்ணு அவ அம்மாவைக் கடைசியா பாத்தது இந்த நிறத்துலதான். இதையே எப்படி நான் அவ கையில குடுப்பேன்?" என்றார்.

அவர் வீட்டில் வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றுதான். சாப்பாட்டு மேசை அதன் கீழே இருந்தது. படத்தை அங்கேதான் சாய்த்து வைத்தார். முதல் வாரம் நான் சட்டத்துக்கு அளவெடுக்கப் போனபோது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் நாற்காலி பக்கவாட்டில் இருந்தது. மூன்றாவது வாரம் நெற்றி தெளிந்துவிட்டது, நாற்காலியும் நேராகத் திரும்பிவிட்டது. அன்று மனிதருக்கு வாய் ஓயவில்லை. "இந்த இடது புருவம் பாரேன், நான் பொய் சொன்னா ஏறிடும். உப்பு சரியா இருக்குன்னு நான் சொல்றப்பல்லாம் பொய்னு தெரிஞ்சு சிரிப்பா." இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசியது எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகாது.

மகள் வர நான்கு நாள் இருக்கும்போது வார்னிஷ் பூசினார். தூசி பறக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, அகலமான தூரிகையால் மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு. மங்கியிருந்த கூந்தல் கறுத்தது. கண்ணில் உயிர் வந்தது. "ஒரு வருஷம்னு சொன்னேன். இவ்வளவு நாளாயிடுச்சு" என்றார். என்னிடம் சொல்லவில்லை. நான் தூரிகையைக் கழுவப் போவதாகச் சொல்லிப் பின்பக்கம் போய்விட்டேன்.

மகள் ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றாள். "இந்த நிறமே எனக்கு மறந்துபோச்சுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள்.

அவர் கவனமாகக் கட்டிக் கொடுத்தார். ஈரத்துணி போடாதே, தூசியை மெத்தென்ற தூரிகையால் தட்டு, அடுப்புக்கு எதிரே மாட்டாதே. "முக்கியமா, திருப்பி வைக்காதம்மா. இருட்டுல வைக்காதே."

இது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவார் என்று நான் வாசல்வரை காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. வண்டி போய்விட்டது.

திங்கட்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா விட்டுட்டுப் போயிருப்பாண்ணே. அண்ணி எட்டு வருஷம் வீட்டுலயே இருந்தாங்க, நீங்க கூட இருந்தது ஒரே ஒரு மாசம்!"

"இத்தனை வருஷம் அவளுக்கு இல்லாம இருந்துச்சு. எனக்கு இருந்துச்சு, நான்தான் பாக்கல" என்றார். குச்சியில் புதுப் பஞ்சைச் சுற்றி நாக்கில் தொட்டுக்கொண்டு, யாரோ ஒருவர் முகத்தின் மேல் குனிந்தார்.