திறக்காத இருபத்து மூன்று மின்னஞ்சல்கள்

பாப்பாரப்பட்டியில் உள்ள நாட்டுமாடு வளர்ப்போர் சங்கத்தில் கம்ப்யூட்டர் என்றால் பூவரசன்தான். எந்தப் பசு எந்தக் காளைக்குச் சினையானது, கன்றின் காது வில்லை எண் என்ன என்று ஆறாயிரம் மாடுகளின் வம்சம் அவன் அமைத்த சர்வரில் இருந்தது. ஒன்பது வருடப் பதிவு. நெருங்கிய ரத்தத்தில் சினை சேராமல் பார்த்துக்கொள்ள அதுதான் ஆதாரம்.

பேக்கப் முறையும் அவன் எழுதியதுதான். பதிவு நடக்கும்போதே கோப்புகளை நகலெடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கலந்துவிடும். அதனால் தினமும் மதியம் ஒரு மணிக்கு, அந்த நொடியில் டிஸ்க் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு தற்காலிக ஸ்னாப்ஷாட் உருவாகும். அதை ஒரு ஃபோல்டரில் திறந்து, வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, ஸ்னாப்ஷாட்டை அழித்துவிடும். கேட்பவர்களிடம் பூவரசன் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்வான்.

ஒரு நாள் கரண்ட் போனதில் ஸ்னாப்ஷாட் அழியாமல் நின்றுவிட்டது. பழையது இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் மறுநாள் புதியது உருவாகவில்லை. ஃபோல்டர் காலியாகக் கிடந்தது. ஃபோல்டரில் இல்லாததை நகலிலும் நீக்கிவிடு என்று கட்டளை எழுதியிருந்தவன் அவனே. வெளி டிஸ்க் துடைத்தெடுத்ததுபோல் ஆனது. பிழை என்று மின்னஞ்சல் வந்தது. அடுத்த நாளும் வந்தது. இப்படி இருபத்து மூன்று. பேக்கப் மின்னஞ்சல்கள் எல்லாம் கண்ணில் படாமல் தனியாகப் போய்ச் சேர அவன் வழி செய்து வைத்திருந்தான். ஒன்றையும் திறக்கவில்லை.

அதற்கடுத்த நாள் சர்வரின் டிஸ்க் செத்தது. வெளி டிஸ்க் காலியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் பூவரசன் அந்த மின்னஞ்சல்களைத் திறந்தான்.

"வைரஸாப்பா?" என்று கேட்டார் செயலாளர் குப்புராஜ். அதற்கு முந்தின நாள்தான் களப்பணியாளர் பானுமதி மலைக்கிராமப் பதிவுகளை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து செருகியிருந்தாள்.

"இருக்கலாமுங்க" என்றான் பூவரசன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் சங்கம் முழுக்கப் பானுமதியின் பெயர் அடிபட்டது. அவளே அவனிடம் வந்தாள்.

"அண்ணா, அந்த பென் டிரைவ தங்கச்சி காலேஜுக்கு எடுத்துட்டுப் போயிருந்தா. உங்க ஒம்பது வருச வேலய நான் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

"பரவால்ல, வுடு பானு" என்றான்.

செய்யாத தப்புக்கு அவளை மன்னித்த தன் குரல், பிறகு சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அவன் காதில் கேட்டது.

பதினோரு நாள் போனது. பதிவுகளைத் திரும்பச் சேர்க்க இருவரும் வத்தல்மலைக்குப் போனார்கள். ஆறு மாடு வைத்திருக்கும் ராமக்கா, பசுவின் காதைப் பிடித்துக்கொண்டே பானுமதியைப் பார்த்தாள்.

"எல்லாத்தயும் அழிச்சுப்புட்டது இந்தப் புள்ளதானா?"

"ஆமாங்கக்கா" என்று தலைகுனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள் பானுமதி.

"இல்லீங்க. அழிச்சது நான்" என்றான் பூவரசன். ஃபோல்டர் காலியானது, மின்னஞ்சல்கள் வந்தது, பார்க்காமல் விட்டது எல்லாவற்றையும் அங்கேயே சொன்னான்.

பானுமதி நோட்டை மூடினாள். "எங்கப்பா எங்கூடப் பேசி ஒரு வாரமாச்சுங்க. இந்த வேலைக்கு எனக்குச் சிபாரிசு பண்ணுனவங்க மூஞ்சில முழிக்க முடியலன்னு அம்மாகிட்ட சொல்றாரு. நீங்க இத்தன நாளும் எனக்கு எதுக்கால உக்காந்து டீ குடிச்சீங்களே."



விஷயம் தெரிந்த பிறகும் குப்புராஜ் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. "மிஷினு கெட்டது வேற. அந்தப் புள்ளய முன்னால நிக்க வெச்சியே, அதான்யா" என்றார். அதன்பின் அவர் அவனிடம் அதிகம் பேசுவதில்லை. நாலாயிரத்துச் சொச்சம் மாடுகளின் விவரம் திரும்பக் கிடைத்தது. மற்றவற்றில் தகப்பன் காளைக்கு நேரே 'தெரியாது' என்று ஒவ்வொன்றாக அவனே அடித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பானுமதியின் வீட்டுக்குப் போனான். அவள் அப்பா மாதவராஜ் கொட்டகையில் தீவனம் கலந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவரோ கையில் ஒட்டிய தவிட்டை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்துச்சுன்னு எம்புள்ளய ஒரு வார்த்த கேக்கலயே நானு" என்றார்.

உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.