தலையைத் தொடாத மாப்பிள்ளை

எங்கள் வீட்டு வாசலில் 'குல்பாஷ், தனியார் துப்பறிவாளர்' என்று ஒரு பலகை தொங்குகிறது. எழுத்து கொஞ்சம் கோணல், எழுதியவன் நான். எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் என் மனைவி குல்பாஷ், "ஒருத்தன் தலைய வெட்டல, அதான்" என்பாள். கேட்டவர் மிரண்டுபோய் என்னைப் பார்ப்பார். மீதியை நான்தான் சொல்ல வேண்டும். முப்பது வருடம் பேருந்து ஓட்டிய சாப்பர் நான், இப்போது இவளுக்குக் காரோட்டி, எடுபிடி, விளக்கவுரை எல்லாம்.

துப்பறிகிறவர் என்றால் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார் என்று ஊரில் ஒரு நினைப்பு. குல்பாஷோ எங்கள் தராஸ் நகரத்து விருந்துகளில் கறித்தட்டு வைத்துக்கொண்டிருந்தவள். எந்த எலும்பு யாருக்கு என்று முடிவு செய்வது சாதாரண வேலை இல்லை. மாப்பிள்ளைக்கு நெஞ்சுக்கறி, சம்பந்திக்கு இடுப்பெலும்பு, பெரிய விருந்தாளிக்கு ஆட்டுத்தலை, அதை அவரே வெட்டி எல்லோருக்கும் பகிர வேண்டும். மாற்றி வைத்தால் இரண்டு குடும்பம் பத்து வருடம் பேசாது. அதனால் ஊரில் யாருக்கு யார் என்ன உறவு, எந்தக் கிளை, யார் மூத்தவர், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. என் பிறந்தநாள் மட்டும் மறந்துவிடும்.

எதிர் வீட்டு மாரல் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். முப்பத்து மூன்று வயது, அப்பா அம்மா இல்லை. அந்தக் குளிர்காலத்தில் டானாபெக் என்ற ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். லாரி ஓட்டுகிறான், கிசிலோர்டா பக்கத்துக்காரன்.

"அவருக்கும் யாரும் இல்ல பெரியம்மா. அப்பா செத்து அஞ்சு வருஷமாச்சாம். எங்க ரெண்டு பேருக்கும் நாங்களே சொந்தம்" என்றாள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவனை அவளுக்குப் பிடித்திருந்தது.

பெண் வீட்டார் ஸ்தானத்தில் நாங்கள் இருவரும் அவனை விருந்துக்கு அழைத்தோம். அன்று வேறு பெரிய விருந்தாளி இல்லாததால், குல்பாஷ் வெந்த ஆட்டுத்தலையைத் தட்டில் வைத்து, கத்தியோடு அவன் முன் நகர்த்தினாள்.

"நீங்க வெட்டுங்க பெரியப்பா" என்று அவன் என் பக்கம் தள்ளினான்.

"நான் வீட்டுக்காரன்யா. நீதான் விருந்தாளி."

மறுபடி தள்ளினான். நான் மறுபடி தள்ளினேன். மூன்றாவது தடவை அவன் நெற்றியில் வியர்வை. வெளியே மைனஸ் இருபது. கடைசியில் தலையை நானே வெட்டினேன். நல்ல அடக்கமான பையன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

சமையலறையில் குல்பாஷ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கெழவா, அவங்க அப்பன் உசுரோட இருக்கான்."

"உளறாத கெழவி. செத்துட்டாருன்னு அவனே சொல்றானே."

"வாயி என்ன வேணா சொல்லும். அப்பன் இருக்கறப்ப எந்த மகனாவது தலையில கத்தி வெப்பானா? மரியாதைக்கு ரெண்டு தடவ தள்ளுவாங்க. மூணாவது தடவ தள்றவன் பயந்து தள்றான்."

அப்பா இருக்கும்போது மகன் தலை வெட்டினால் அப்பாவுக்கு ஆகாது. எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். எனக்குத்தான் உறைக்கவில்லை.

மறுநாள் போனை எடுத்தாள். சாப்பிடும்போதே அவன் கிளையையும் ஊரையும் கேட்டு வைத்திருந்தாள். ஊர் ஊராகத் தட்டு வைக்கும் பெண்களை அவளுக்குத் தெரியும். நாலாவது போனில் விஷயம் வந்தது. அப்பா பேர் எசிம். பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டது. மகன் அவரை முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறான். எங்கள் ஆட்களிடம் இதைவிடக் கேவலம் வேறு இல்லை. அதனால்தான் செத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறான்.

கிசிலோர்டாவில் இருந்த அந்த இல்லத்துக்கு எட்டு மணி நேரம் ஓட்டினேன். எசிம் ஜன்னலோரம் உட்கார்ந்து செஸ் ஆடிக்கொண்டிருந்தார். எதிராளியைத் திட்டுவதில் இருந்த சுறுசுறுப்பைப் பார்த்தால் நோயாளி என்று சொல்ல முடியாது.

"ஒங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்களா அண்ணே?" என்றாள் குல்பாஷ்.

"யாரும் இல்லம்மா." பார்வை பலகையை விட்டு நகரவில்லை. "எனக்கு மகனே கெடையாது."

மகன் பேர் கெடக் கூடாது என்று ஐந்து வருடமாக அந்த இல்லத்தில் எல்லோரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார்.

"டானாபெக்கு தலைய வெட்டல அண்ணே. மூணு தடவ அவன் பக்கம் தள்ளிவிட்டோம்."

கையில் இருந்த குதிரை அப்படியே நின்றது.

"வெட்டலையா?"

"தொடக்கூட இல்ல."

"முட்டாப்பய" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "கன்னத்துக் கறின்னா உசுர விடுவானே."

நான் கைக்குட்டையைத் தேடினேன். குல்பாஷ் என்னை முறைத்தாள். துப்பறிகிறவர்கள் அழக் கூடாதாம்.

ஊருக்கு வந்து குல்பாஷ் மாரலிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். மாரல் கத்தவில்லை. சாயங்காலம் டானாபெக் வந்தபோது வாசலிலேயே நிறுத்தினாள்.

"எனக்கு அப்பா இல்ல. இருந்தா தோள்ல தூக்கிட்டு அலைவேன். ஒங்களுக்கு இருக்காரு, நீங்க சாகடிச்சுட்டீங்க."

"மொத நாள் வெக்கத்துல வாய்ல வந்துடுச்சு மாரல். அப்புறம் மாத்திச் சொல்ல வழி தெரியல."

"வழி நேரா கிசிலோர்டாவுக்குப் போகுது. லாரி ஓட்றவருக்கு நான் சொல்லணுமா?"

கதவைச் சாத்திவிட்டாள். மருந்துக்கடைக்கும் போகவில்லை. குல்பாஷ் இரண்டு நாள் சூப் கொண்டுபோனாள். இரண்டு நாளும் அப்படியே திரும்பி வந்தது. "நான் வாய மூடிட்டு இருந்திருக்கணுமோ?" என்று என்னைக் கேட்டாள். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்த சூப்பைச் சூடாக்கி அவளுக்கே ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் எதிர் வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. டானாபெக் அப்பாவை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினான். எசிம் ஊன்றுகோலோடு பனியில் நின்றார். நாங்கள் இருவரும் வெட்கமே இல்லாமல் வாசலுக்கு ஓடினோம்.

மாரல் கதவைத் திறந்தாள். டானாபெக்கைப் பார்க்கவே இல்லை.

"வாங்க அப்பா. பக்கத்துல நிக்கிறவர் யாருன்னு எனக்குத் தெரியல. நீங்க சொன்னா உள்ள விடறேன்."

எசிம் மகனை மேலும் கீழும் பார்த்தார். அவசரமே படவில்லை. டானாபெக் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"என் மகன்தாம்மா" என்றார்.