எத்திராஜின் சிவப்பு ரவிக்கை

செல்லியம்மாவுக்கு நகை மேல் ஆசை கிடையாது. பட்டு மேலும் கிடையாது. அவள் வயிற்றெரிச்சலெல்லாம் பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமியின் ரவிக்கை மேல்தான். கை இரண்டும் புசுபுசுவென்று உப்பி நிற்கும்படி தைத்த ரவிக்கை.

வெதுருகுப்பம் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் செல்லியம்மா. வெள்ளைக்காரன் காலத்தில் அவள் ஊர்ப் பெண்கள் ரவிக்கை போடாமல் புடவைத் தலைப்பையே தோளைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொள்வார்கள். ஆண்களுக்கு வேட்டியும் துண்டும்தான். ஆனால் அவள் புருஷன் எத்திராஜ், வெல்ல மண்டியில் வேலைக்குப் போன அன்றே காலர் சட்டைக்கு மாறிவிட்டான். பெண்டாட்டிக்கு மட்டும் பழைய நியாயம் பேசினான்.

"எங்கம்மா போட்டாளா, உங்கம்மா போட்டாளா? உனக்கு இன்னாத்துக்குடி?"

"உங்க நைனா சட்டை போட்டாரா? நீ மட்டும் மாட்டிக்கினு திரியிறே?"

அவன் காலரை இழுத்துவிட்டுக்கொள்வான், ரவிக்கை மட்டும் வாங்கித் தரமாட்டான். வெங்கடலட்சுமி குழாயடிக்கு வந்தால் செல்லியம்மாவுக்குக் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள்.

ஆந்திரா தனியாகப் பிரிந்த மறு வருஷம் அது. சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று மண்டியில் ஆண்கள் தொண்டை கிழியக் கத்திய கோடையில் ஊர் அம்மன் கங்கம்மாவின் திருவிழா, ஜாத்திரை வந்தது. காய்ச்சலில் பிழைத்தால் பெண் வேஷம் கட்டி வருகிறேன் என்று எத்திராஜ் அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தான். ஆண்கள் புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவது அங்கே வழக்கம். புடவைக்குப் பெண்டாட்டியுடையது இருந்தது. ரவிக்கைக்கு எங்கே போவது? தையல்காரனிடம் தன் தோளையே அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டு வந்தான். சிவப்பு நிறம், உப்பிய கை.

முன்பக்க முடிச்சைப் போட அவனுக்குத் தெரியவில்லை. செல்லியம்மாதான் போட்டுவிட்டாள். உப்பிய கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பக்தியில் தடவுகிறாள் என்று நினைத்துக்கொண்டான், பாவி. வாசலில் நின்ற வெங்கடலட்சுமி வேறு, "அண்ணனுக்கு இன்னா எடுப்பா கீது பாருக்கா!" என்றாள். கட்டின புருஷன் மேலேயே பொறாமைப்பட்ட பெண்ணை எங்கள் தெரு அன்றுதான் பார்த்தது.

வேஷம் கலைத்ததும் ரவிக்கையை அவளிடம் வீசினான். "தோச்சு பொட்டியில வை. அடுத்த ஜாத்திரைக்கு ஆவும்."

துவைத்தாள். பெட்டியில் வைக்கவில்லை. மறுநாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு குடத்தோடு கிளம்பினாள்.

"அடியே, அது ஆத்தாளுக்கு நேந்துக்கினதுடீ!"

"ஜாத்திரைக்கு உனக்குக் குடுத்த ஆத்தா, மத்த நாளுக்கு எனக்குக் குடுத்துட்டா. சந்தேகம்னா நீயே போயி அவளக் கேளு."

ஆத்தாளையே சாட்சிக்கு இழுத்துவிட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போனான்.

குழாயடியில் எல்லோரும் பார்த்தார்கள். எத்திராஜ் அளவு ரவிக்கை அவள் தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது. வெங்கடலட்சுமிக்கே மனசு கேட்கவில்லை. "லூசா கீதேக்கா. குடு, நான் புடிச்சுத் தச்சுத் தரேன்."

செல்லியம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். வெங்கடலட்சுமியின் ரவிக்கைக் கையை ஒரு பார்வை, தன் ரவிக்கைக் கையை ஒரு பார்வை பார்த்தாள்.

"வேணாம்டி. உன்னுதுல கை இத்தினி பெருசா இல்ல, பாத்தியா?"