சித்திரையில் முடி கொட்டாத கரடி

கரடி வேஷம் போடுகிற வேலையில் முதல் விதி, உள்ளே வேர்த்துக் கொட்டுவது இரண்டு பிள்ளை பெற்ற பொம்பளை என்று யாருக்கும் தெரியக்கூடாது. பிறந்தநாள் வீடுகளில் முயலாகவோ ஜோக்கராகவோ நின்றவர்களுக்கு நான் படுகிற பாடு புரியும்.

மொட்டைமாடிக் கச்சேரி

முதலியார்பேட்டையில் ஒரு தையல்காரர் வீடு. அவர் மகள் நஸ்ரினுக்கு எட்டாவது பிறந்தநாள். சித்திரை வெயிலில் மொட்டைமாடிப் பந்தல். என்னோடு வேலை செய்யும் கல்பனா மெல்லிசான காட்டன் சுடிதாரில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவளோடுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் அடர்ந்த ரோமத்துக்குள்ளே வெந்துகொண்டு, அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நஸ்ரின் பரிசாக வந்த புத்தகத்தோடு பக்கத்தில் வந்தாள். குளிர்நாட்டுக் கரடிக்குப் பனிக்காலத்துக்கு முன்னால் உள்ரோமம் அடர்த்தியாக வளருமாம். வெயில் வந்ததும் மரத்தில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து அதை உதிர்த்துவிடுமாம். கல்பனாவை விட்டுவிட்டு அந்தக் கரடிமேல் பொறாமைப்பட ஆரம்பித்தேன். நஸ்ரின் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கரடி அங்கிள், ஒங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் கொட்டல?"

கோடைச் சட்டை

விழா முடிந்து நான் தலையைக் கழற்றியதைப் பார்த்த நஸ்ரினின் அப்பா, வேர்வையில் நனைந்திருந்த என் முகத்தைக் கண்டு பதறிப்போனார். எங்கள் முதலாளியிடம் அவரே பேசி, குட்டை ரோமத் துணியில், ஸ்பாஞ்சு இல்லாமல், என் அளவுக்கு ஒரு கோடைக் கரடி தைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன். காற்று உள்ளே வந்தது.

அடுத்த வாரம் ஒரு துணிக்கடைத் திறப்புவிழா. இரண்டு கரடி வேண்டும் என்றார்கள். கல்பனா நன்றாக ஆடுவாள் என்று முதலாளி புதுசை அவளுக்கே கொடுத்துவிட்டார். எனக்குப் பழசு. கடைக்கு வந்திருந்த நஸ்ரினின் அப்பா, அந்தத் தையல்கார பாய், ஆடுகிற கரடியிடம் ஆசையாகப் போய்க் கையைப் பிடித்தார். உள்ளிருந்து வேறு குரல் வரவும், ஓரத்தில் நின்ற என்னிடம் வந்தார்.

"ஒன் அளவுக்குத்தானேம்மா வெட்டுனேன்?"

கார்த்திகை மழை

அதற்கப்புறம் அந்தப் புதுச் சட்டை கல்பனாவோடதாகவே ஆகிவிட்டது. கார்த்திகையில் வைத்திக்குப்பம் பக்கம், கடலைப் பார்த்த ஒரு மண்டபத்தில் விழா. வாசலில் நின்று வரவேற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்த மெல்லிசுச் சட்டையில் கல்பனா நனைந்து வெடவெடவென்று நடுங்கினாள். "அக்கா, அரை மணி நேரம் மாத்திக்கலாமா?" என்றாள். என் பழைய அடர்ந்த கரடிக்குள் காது கேட்காததுபோல் நின்றேன். அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கேட்டும் கேட்காததுபோல் நின்றதைச் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"தெரியும்க்கா. நீங்க கதகதன்னு நின்னதப் பாத்து எனக்கு அப்பிடி வயிறெரிஞ்சுது."

ஆக, ஏழு மாதமாக நான் பட்ட பொறாமையை அவள் ஒரே சாயங்காலத்தில் பட்டு முடித்துவிட்டாள். அதிலும் அவள்தான் கெட்டிக்காரி.