ஹுஸ்னியா கொழும்புக்குக் கொண்டுபோன டொல்பின் வேன்

சாய்ந்தமருதில் ஹுஸ்னியாவின் குஷன் கடைக்கு வழி கேட்டால் யாரும் பெயர்ப்பலகையைச் சொல்வதில்லை. "சீட் இல்லாம ஒரு வாகனம் வாசல்ல நிக்கும், அதுதான்" என்பார்கள். காரோ வேனோ முச்சக்கரவண்டியோ, அவளிடம் வந்ததும் முதல் வேலையாக இருக்கைகள் வெளியே வந்துவிடும்.

முன்பு அவள் தைத்துக்கொண்டிருந்தது அபாயாவும் பள்ளிக்கூடச் சீருடையும்தான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பெருநாள் நெருக்கத்தில், வேறு ஆள் கிடைக்காமல், பக்கத்து வீட்டார் தங்கள் முச்சக்கரவண்டியின் கிழிந்த சீட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார்கள். மூன்று ஊசி முறிந்தது. ஆனால் உறையைப் பிரித்ததும் உள்ளே தெரிந்த ஸ்பொஞ்சும் கம்பியும் சாக்குத் துணியும் அவளைப் பிடித்துக்கொண்டன. அதற்குப் பிறகு எந்த வாகனத்தைக் கண்டாலும் அதன் தோலுக்குள் என்ன இருக்கும் என்றுதான் யோசிப்பாள். கல்யாண வீட்டுக்குப் போனால் மணமகளைப் பார்க்க முன்னம் வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்து முடிப்பாள் என்று அவளுடைய கணவன் நிப்றாஸ் சொல்லிச் சிரிப்பான்.

நாட்டில் வாகன இறக்குமதி நின்றிருந்த ஐந்து வருடங்களும் அவளுக்கு வேலை குறையவில்லை. பழைய வாகனங்களையே எல்லோரும் புதுப்பித்து ஓட்டினார்கள். குறைந்தது வேறொன்று. பிரித்துப் பார்க்கப் புதிதாக எதுவும் வரவில்லை. ஆகவே இறக்குமதி திறந்து, கொழும்பில் பெரிய வாகனக் கண்காட்சி நடக்கப்போகிறது என்ற செய்தி வந்த நாளிலிருந்து அவளுடைய கடை சந்தைபோல் ஆகிவிட்டது. சீட் தைக்க வந்தவர்களும் வராதவர்களும் ஸ்பொஞ்ச் கட்டுகளின் மேல் குந்தியிருந்து கதைத்தார்கள். ஒருவருக்கு ஒரே சார்ஜில் கொழும்பு போய்ச் சேரும் பற்றரிக் கார் வேண்டும். இன்னொருவருக்குக் கூரை திறக்கிற ஜீப். வாங்கப் போகிறவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அதனால் என்ன, எதிர்பார்ப்புக்கு வரி கிடையாதே.

நெல் ஆலைக்கு லொறி ஓட்டுகிற நிப்றாஸ், "எனக்குப் புது லொறி ஒண்டக் காட்டினாப் போதும். மத்ததெல்லாம் பணக்காரர்ர வெளாட்டு" என்றான்.

"எனக்குச் சீட்டுத்தான்" என்றாள் ஹுஸ்னியா. கையில் தொலைபேசி, அதில் ஒரு மின்சாரக் காரின் படம். "இதுல சீட்டுக்குள்ளால குளிர்காத்து வருமாம். தோல்ல ஊசிமுனை மாதிரி ஓட்டை போட்டிருக்கான், அது சரி. மனிசன் ஏறிக் குந்தினா ஸ்பொஞ்ச் அமுங்கி ஓட்டை அடைபடணுமே. அடைபடுதில்லையாம். எப்பிடி?"

அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

அந்த வாரமே கல்முனையிலிருந்து அழகரெத்தினம் வந்தார். திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் ஆளேற்றி வாடகைக்கு, ஹயர், ஓடுகிறவர். ஊரில் டொல்பின் என்று சொல்கிற அவருடைய பழைய டொயோட்டா வேனுக்கு முப்பது வயதுக்கு மேல். அதை அவர் பிள்ளை மாதிரி வைத்திருந்தார்.

"தங்கச்சி, கண்காட்சியில மொடிஃபை வாகனத்துக்குத் தனிப் பகுதி இருக்காம். வெளிப்பக்கம் பெயின்ட் என்ர பொறுப்பு. உள்பக்கத்த நீங்க செய்து தருவீங்களா?"

"அண்ணன், நான் நினைச்ச மாதிரிச் செய்ய விடுவீங்களா?"

"ஓம். நான் வாயே திறக்கன்."

ஹுஸ்னியா மனதில் வைத்திருந்தது பன்பாய். ஊரில் எல்லா வீட்டிலும் கிடக்கிற, சிவப்பும் பச்சையும் ஊதாவும் ஓடுகிற பன்புல் பாய். ரெக்சினை விரலகலக் கீலங்களாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி இறக்கிப் பின்னினாள். ஏழு வாரம். பின்னல் முடிந்த முதல் சீட்டை வெயிலில் வைத்தபோது பாதையில் போன சைக்கிள்கள் நின்றன. கூரைக்குக் கருநீல வெல்வெட் ஒட்டினாள். அழகரெத்தினம் வாய் திறப்பதில்லை என்ற சொல்லைக் காப்பாற்ற முடியாமல், "இதில இனி மீன் கூடையோட ஆள் ஏத்த ஏலாது" என்றார். குரலில் அவ்வளவு சந்தோசம்.

கண்காட்சிக்கு முதல் நாள் விடியவே ஹுஸ்னியாவும் நிப்றாஸும் அழகரெத்தினமும் வேனில் புறப்பட்டார்கள். அம்பாறை தாண்டி மஹியங்கனைச் சமவெளியில் வெயில் கொளுத்தியது. பிறகு கண்டிப் பக்கம் மழை. தெமட்டகொடையில் ஹுஸ்னியாவின் சின்னம்மா வீட்டில் தங்கினார்கள். சூடும் ஈரமும் மாறிமாறிப் பட்டதில் பசை என்ன பாடுபட்டிருக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

காலை ஒன்பது மணிக்குக் கண்காட்சித் திடலில் வேனின் கதவைத் திறந்தார்கள். கூரை வெல்வெட் நடுவால் கழன்று, மழைத் தண்ணீர் தேங்கிய படங்குத் துணிபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

அழகரெத்தினம் படியில் உட்கார்ந்துவிட்டார். நடுவர்கள் பதினொரு மணிக்கு வருவார்கள். பத்து மணிக்குப் பெரிய மண்டபத்தில் அந்த மின்சாரக் காரின் திரையை நீக்குகிறார்கள். ஹுஸ்னியா மூன்று மாதமாக நாளெண்ணிக் காத்திருந்த நேரம் அது.

"நீ போய்ப் பாரு புள்ள" என்றான் நிப்றாஸ். "நானும் அண்ணனும் பசைய வாங்கி ஒட்டுவம்."

"ஈரத்துல பசை பிடியா. தைக்கத்தான் வேணும்." அவள் பையிலிருந்து வளைந்த ஊசியை எடுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் துணியத் தூக்கிப் பிடிங்க."

சீட்டின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, வெல்வெட்டை அதற்கு மேலிருந்த பழைய உள்துணியோடு சேர்த்துத் தைத்தாள். ஒட்டினால் வெளியே எதுவும் தெரியாது, தைத்தால் தையல் தெரியும். தெரியத்தான் போகிறது என்றால் அழகாகத் தெரியட்டும் என்று, மிஞ்சிய சிவப்பு நூலை எடுத்து, கோணல் கோணலாக அலைபோல் கூரை நெடுக ஓடவிட்டாள். கை வலித்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மண்டபத்துக்குள்ளிருந்து இசையும் பின்னால் பெரிய கைதட்டலும் கேட்டன. காரின் திரையை நீக்கிவிட்டார்கள். ஊசி ஒரு கணம் நின்றது, பிறகு ஓடியது.

அழகரெத்தினம் மெதுவாக, "மன்னிச்சிக்கங்க தங்கச்சி" என்றார்.

"கைய இறக்காம பிடிங்கண்ணன்."

நடுவர்கள் வந்தபோது அவள் கடைசி முடிச்சின் நூலைக் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். அவர்களில் ஒரு பெண் உள்ளே ஏறி, பின்னல் சீட்டைத் தடவி, அண்ணாந்து கூரையைப் பார்த்து, இது கையால் தைத்ததா என்று கேட்டாள். "இப்பதான்" என்றாள் ஹுஸ்னியா. கிடைத்தது மூன்றாம் இடம். முதலிரண்டும் கொழும்பு வாகனங்கள், இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, ஹுஸ்னியாவே இரண்டு தரம் போய்ப் பார்த்தாள். ஆனால் மூன்றாம் இடத்து வேனின் முன்னால்தான் சனம் கலையாமல் நின்றது. அழகரெத்தினம் ஒவ்வொருவருக்கும் பன்பாய் என்றால் என்னவென்று தமிழிலும் அரைகுறைச் சிங்களத்திலும் விளக்கி விளக்கித் தொண்டையைக் கட்டிக்கொண்டார்.

பகல் தொழுகைக்குப் பிறகு ஹுஸ்னியா மண்டபத்துக்குப் போனாள். காரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. ஒருவர் ஒருவராக உள்ளே விட்டார்கள். அரை மணி நேரம் வரிசையில் நின்றாள். முறை வந்து ஏறி உட்கார்ந்ததும், மற்றவர்கள் பிடித்த ஸ்டியரிங்கை அவள் தொடவில்லை. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே கொடுத்துச் சீட்டை அமுக்கினாள்.

பக்கத்தில் நின்ற விற்பனைப் பையன் பதறி, "மேடம், ஏதாவது விழுந்துட்டுதா?" என்றான்.

"இல்ல தம்பி. அந்தக் குளிர்காத்த ஒருக்காப் போடுங்க."

காற்று வந்தது. முதலில் முதுகில், பிறகு தொடையில். அவள் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் அங்குலம் அங்குலமாகத் தடவினாள். மெத்தென்று ஓர் இடம், அடுத்து விறைப்பாக ஓர் இடம், மறுபடி மெத்து. விளங்கிவிட்டது. மேலே வயல் வரம்புபோல் விறைப்பான ஸ்பொஞ்ச், இடையில் வாய்க்கால்போல் பள்ளம். மனிதனின் பாரத்தை வரம்பு தாங்கும், காற்று வாய்க்காலில் ஓடும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கணக்குத்தான்.

"வாய்க்கால் வெட்டியிருக்கான்" என்றாள் சத்தமாக. பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளோ சிரித்துக்கொண்டே இறங்கி, வேன் இருக்கும் திசைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

திரும்பும் வழியெல்லாம் அவள் பேச்சு நிற்கவில்லை. கண்டியில் தேநீர்க் கடைப் பற்றுச்சீட்டின் பின்புறம் படம் கீறினாள். மஹியங்கனை வளைவுகளில் நிப்றாஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்க, அவள், சீட்டுக்குள் காற்றடிக்கப் பழைய கணினியின் விசிறி எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். தனக்கென்று புது லொறி பார்க்கப் போன நிப்றாஸ், பார்த்தானா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அவன் பார்த்தான். அதன் சீட்டையும் அமுக்கிப் பார்த்தான் என்பதைப் பிறகுதான் சொன்னான்.

ஊருக்கு வந்து அவள் முதலில் வாய்க்கால் வெட்டிய ஸ்பொஞ்ச் அமுங்கிப்போனது. இரண்டாவதில் விசிறி பெருஞ்சத்தம் போட்டது. மூன்றாவதை, கச்சான் காற்று அனலாய் வீசிய ஆனி மாதப் பகலொன்றில், அழகரெத்தினத்தின் சாரதி சீட்டில் பொருத்தினாள். அவர் ஏறி உட்கார்ந்தார். முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார்.

"வருதா அண்ணன்?"

"வருது தங்கச்சி. முதுகெல்லாம் வருது."

இறங்கச் சொன்னார்கள், இறங்கவில்லை. பொத்துவில் ஹயருக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே வேனை எடுத்தார். ஹுஸ்னியா அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தாள். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் தங்கள் வண்டிச் சீட்டுகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள்.