மரக்கறி பிடிக்காத மாஸ்டரின் மதியப் பெட்டி

காலை பதினொரு மணி, பதினேழு மதியப் பெட்டிகள், அவற்றில் ஒன்றின் மூடியில் செல்லத்துரை மாஸ்டர் என்ற பெயர். சீனி வருத்தக்காரருக்கு, அதாவது நீரிழிவுக்காரருக்கு, சோறு குறைத்துச் சைவச் சாப்பாடு சமைத்து விற்பது சுலபமான தொழில்தான், சாப்பிடுகிறவர்கள் மட்டும் இல்லாவிட்டால். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துச் சமைக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மாஸ்டர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கோப்பாயில் எங்கள் சமையலறையிலிருந்து நான்கு ஒழுங்கை தள்ளித் தனியாக இருந்தார். மனைவி காலமான நாளிலிருந்து மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாதவர். மரக்கறியோ பிறந்ததிலிருந்தே பிடிக்காது. மிஞ்சியது சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும். வலது கால் பெருவிரலில் ஆறாத புண். மூன்று மாதத்தில் சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மாஸ்டர் என்னிடம் வந்து சொன்னது இதுதான்: "கணக்கு வாத்திக்கு ஒன்பது விரல் சரிவராது பிள்ளை. ஏதாவது செய்."

பூக்கோவாச் சோறு

முதல் வாரம் பூக்கோவாவை, அதுதான் காலிஃபிளவரை, துருவி, ஆவியில் வைத்து, சோறுபோல உதிர்த்து அனுப்பினேன். மேலே கத்தரிக்காய்ப் பால்கறி. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பின்னேரம் தொலைபேசி வந்தது. "இது சோறில்லைப் பிள்ளை, சோத்தின்ரை பேய்."

காலிப் பெட்டி

இரண்டாவது வாரம் பெட்டி தினமும் வழித்துத் துடைத்ததுபோலத் திரும்பியது. முருங்கையிலை, போஞ்சி, பாகற்காய், எதுவும் மிச்சமில்லை. புதிதாக வந்தவர்களுக்கு அவரை உதாரணம் காட்டினேன். கிளினிக்கில் பார்த்தால் சீனி அசையவே இல்லை. பெட்டி கொண்டுபோகும் தவம் அண்ணைதான் வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "பக்கத்து வீட்டு ஆட்டுக்குச் சீனி நல்லாய் இறங்கியிருக்கும், தங்கச்சி."

வாழைப்பூ வறை

அதன்பிறகு அவரிடம் பிடித்ததைக் கேட்காமல், விட்டதைக் கேட்டேன். மனைவி வைக்கும் சுறா வறை என்றார். அடுத்த நாள் வாழைப்பூவைப் பொடியாக அரிந்து, மஞ்சளோடு அவித்துப் பிழிந்து, சுறாவுக்குச் சேர்ப்பதுபோலவே செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், தேங்காய்ப்பூ சேர்த்து வறுத்தேன்.

பன்னிரண்டரைக்கு மாஸ்டர் புண்காலை இழுத்துக்கொண்டு, பெட்டியோடு வாசலில் நின்றார். "பதினொரு வருசமாய்க் காத்தது. ஒரு வாய் விழுங்கிப்போட்டன். மீன் சட்டியிலயோ எனக்குச் சமைக்கிறியள்?" என்னோடு சமைக்கும் ராணியக்கா தேங்காய் துருவுவதை நிறுத்தினார். உரித்த வாழைப்பூ மடல்கள் கிடந்த கடகத்தை அவர் முன்னால் தள்ளினார். மாஸ்டர் ஒரு மடலை எடுத்து மணந்து பார்த்தார். அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்து பெட்டியை முடித்தார். போகும்போது குரலைத் தாழ்த்தினார்: "நாளைக்கும் போடு. மரக்கறி எண்டு மட்டும் எனக்குச் சொல்லாதை."

டொக்டரின் கேள்வி

பிறகு கத்தரிக்காய் கணவாய்க் கறிபோலவும், காளான் இறால் பொரியல்போலவும் பெயர் சொல்லாமல் போயின. ஆடு மெலிந்தது. மூன்றாம் மாதம் புண் மூடிவிட்டது. என்ன சாப்பிட்டீர்கள் என்று டொக்டர் கேட்டபோது தவம் அண்ணையும் பக்கத்தில் நின்றிருக்கிறார். மாஸ்டரின் பதில்: "மரக்கறிதான் டொக்டர். ஆனால் எனக்குத் தெரியாது."

அந்த அடுப்பை நிறுத்திக் கொஞ்சக் காலமாகிறது. சுன்னாகம் சந்தையில் வாழைப்பூவைக் கண்டால் இன்றும் கை தானாக இரண்டு எடுக்கிறது.

சென்ற வைகாசி முதல் திங்கட்கிழமை, செல்லத்துரை மாஸ்டர் தமது எண்பத்திரண்டாவது வயதில், பத்துக் கால்விரல்களோடும் காலமானார்.